கடைமடைக்கு வந்துச்சான்னு பாரு

மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். பூத் தூவுவார்கள். போட்டோ பிடிப்பார்கள். 'டெல்டா பாசனத்துக்குத் தண்ணீர் திறப்பு' என்று மறுநாள் பேப்பரில் வரும். அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, ஆறு வாய்க்காலாகி, வாய்க்கால் கன்னியாகி, கடைசி வயலுக்கு எப்ப வரும்? சில வருஷம் வரும். சில வருஷம் வராது. என் தாத்தா காலம் முழுக்க அடுத்தவன் வயலுக்கு மடை திறந்து தண்ணி கட்டினவர். அவர் சொல்வார்: "திறந்துட்டேங்கிறவன்கிட்ட கேக்காதடா. கடைமடைக்கு வந்துச்சான்னு போய்ப் பாரு."

இந்தக் கட்டுரை தண்ணீரைப் பற்றியது இல்லை. காற்றில் வருகிற இணையத்தைப் பற்றியது. ஆனால் கதை ஒன்றுதான்.

எங்கள் தெருவில் ஒரு இரவுப் பள்ளி நடத்துகிறோம். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடியபோது ஊர்த்தெருப் பிள்ளைகளுக்கு வீட்டுக்குள்ளேயே வகுப்பு வந்தது. எங்கள் பிள்ளைகள் சிக்னல் தேடி வாய்க்கால் மதகில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு போன், அதைச் சுற்றி நாலு தலை. பள்ளிக்கூடம் திறந்த பிறகும் அந்தப் பள்ளம் தூரவில்லை. அதனால் இரவுப் பள்ளிக்கு ஒரு நல்ல இணைப்பு போட்டுவிடுவது என்று முடிவு செய்தோம். கம்பெனிக்காரனைக் கூப்பிட்டோம். அவன் கம்ப்யூட்டரில் ஒரு வரைபடத்தைப் பார்த்தான். "உங்க ஊருக்கு இருக்கு சார், உங்க தெருவுக்கு இல்ல" என்றான். வரைபடம் போட்டவனுக்கு ஊர் எது, சேரி எது என்று யார் சொல்லிக் கொடுத்தது? யாரும் சொல்லித் தரவில்லை. கம்பி எங்கே நிற்கிறதோ அதோடு கோட்டை நிறுத்தியிருக்கிறான். கம்பி எங்கே நிற்க வேண்டும் என்று முடிவானதில்தான் சாதி இருக்கிறது.

தெருவுக்குள் பள்ளம் வெட்டிக் கேபிள் புதைக்கக் காசு இல்லை. அப்போதுதான் கம்பியில்லாமல் இணைப்பது பற்றி விசாரித்தேன். இரண்டு சின்ன டிஷ் ஆன்டெனா. ஒன்று இணையம் இருக்கிற இடத்தில், ஒன்று நம்ம இடத்தில். ஒன்றை ஒன்று பார்த்தபடி நிற்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். இதற்கான 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வீட்டுக்கு வெளியிலும் உரிமம் வாங்காமல் இயக்கலாம் என்று 2018 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்திருக்கிறது. குறிப்பிட்ட திறனைத் தாண்டக் கூடாது, அவ்வளவே. காற்றலைகள் பொதுச்சொத்து என்று 1995-லேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில் வந்த தீர்ப்பு அது. கிரிக்கெட்டுக்காகச் சொன்னதானாலும் நமக்கும் சேர்த்துத்தானே சொன்னார்கள்?

அலை பொதுச்சொத்து. சரி. ஆனால் அலையைப் பிடிக்க உயரம் வேண்டும். உயரம் யாருடைய சொத்து?

தஞ்சை டெல்டாவில் மலை கிடையாது, மேடு கிடையாது. தட்டையான பூமி. இங்கே உயரம் என்பது மனுஷன் கட்டினது மட்டும்தான். கோயில் கோபுரம். பண்ணை வீட்டு மாடி. பள்ளிக்கூட மாடி. மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி. காசு கொடுத்து வாடகைக்கு எடுத்த வயலில் நிற்கிற செல்போன் கோபுரம். இதில் எது நம்மிடம் இருக்கிறது? குடியிருந்த மனைக்கட்டே மிராசுதாருக்குச் சொந்தம் என்று இருந்த பூமி இது. குடியிருப்பு மனையை அதில் இருக்கிறவனுக்கே உரிமையாக்கும் சட்டம் 1971-ல்தான் வந்தது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதற்கு 1968 டிசம்பர் 25-ல் வெண்மணியில் 44 உயிரை ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். அந்தக் குடிசையில் இருந்து தொகுப்பு வீட்டுக்கு வந்திருக்கிறோம். கையை நீட்டினால் எட்டுகிற கூரை. கம்பி தெரியுது, சிமெண்டு உதிருது. இதுதான் நம்ம உயரம்.

முதலில் பக்கத்தில் இருந்தே எடுக்கலாம் என்று பார்த்தோம். ஊராட்சி அலுவலகத்துக்கு பைபர் வந்திருக்கிறது என்றார்கள். பெட்டி இருந்தது, பூட்டு இருந்தது, சாவி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அடுத்து ஊர்த்தெருவில் ஒரு மாடி வீடு. போனில் பேசியபோது ரொம்ப மரியாதை. "தாராளமா வாங்க தம்பி, படிக்கிற புள்ளைங்களுக்குத்தானே." ஏணியோடு நேரில் போய் நின்றதும், எந்தத் தெரு என்று விசாரணை. விசாரித்து முடித்ததும், "மாடிப்படி வீட்டுக்குள்ள இருக்கு தம்பி. நீங்க கொல்லைப்பக்கமா வந்து வெளியில ஏணி போட்டு ஏறிக்குங்க" என்றார் பெரியவர். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே, மோர் கொடுக்கட்டுமா என்று கேட்டபடியே சொன்னார். மோரும் கொல்லையில்தான். நாங்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டோம். கூட வந்த பையன் கேட்டான், "அண்ணே, நம்ம சிக்னல் மட்டும் அவங்க நடை வழியா போகலாமா?"

தண்ணீர்த் தொட்டியில் மாட்ட அனுமதி கேட்டோம். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம்ம சனம் குடிக்கிற தொட்டியில் மலம் கலந்து கிடந்ததே, அதற்குப் பிறகு எவரையும் தொட்டி மேல் ஏறவிட முடியாது என்று பதில். கொடுமையை அனுபவித்ததும் நாம். அதைக் காரணம் காட்டி மறுக்கப்படுவதும் நாம்.

கடைசியில் ஊரைத் தாண்டிப் போவது என்று முடிவு. மூன்று கிலோமீட்டர் தள்ளி டவுனில், உரிமத்தோடு கேபிள் இணையம் நடத்துகிற ஒரு தோழர் இருக்கிறார். அவர் கட்டடம் மூன்று மாடி. ஆன்டெனா நிற்கிற இடம் தரையில் இருந்து சுமார் 12 மீட்டர். எங்கள் பக்கம் தொகுப்பு வீட்டுக் கூரையும் அதன் மேல் ஒரு இரும்புக் குழாயும் சேர்த்து 6 மீட்டர். குழாயை நட்டுக் கொண்டிருக்கும்போதே விசாரணைக்கு ஆள் வந்துவிட்டார்கள். "எந்தக் கட்சிக் கொடி ஏத்தப் போறீங்க?" சேரியில் ஒரு கம்பம் நிமிர்ந்தால் அது கொடிக்கம்பம்தான் என்று அவர்களுக்கு ஒரு பயம். டிஷ்ஷைக் காட்டின பிறகும் நம்பவில்லை. மாட்டி முடிக்கிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

இனி வேலையைச் சொல்கிறேன். நம்ம பசங்க யாராவது செய்யப் போனால் உதவும்.

கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அலை நூல் பிடித்த மாதிரி போகாது. நடுவில் பருத்து இரண்டு முனையிலும் ஒடுங்கிய சுரைக்காய் மாதிரி ஒரு இடத்தை அடைத்துக்கொண்டு போகும். மூன்று கிலோமீட்டருக்கு, 5.8 கிகாஹெர்ட்ஸில், நட்டநடுவில் அதன் ஆரம் சுமார் 6 மீட்டர். அதில் 60 சதவீதமாவது, அதாவது ஏறக்குறைய 4 மீட்டர், எல்லாப் பக்கமும் தடையில்லாமல் இருக்க வேண்டும். தென்னந்தோப்பு குறுக்கே வந்தால் போச்சு. ஈர மட்டை அலையைக் குடித்துவிடும். எங்களுக்கும் டவுனுக்கும் இடையில் இரண்டு தோப்பு. இரண்டும் ஊர்க்காரர்களுடையவை. இரண்டுக்கும் நடுவே வடிகால் போகிற இடைவெளி ஒன்றுதான் வழி. ஊர் வயலின் மிச்சத் தண்ணியும் சாக்கடையும் எங்கள் தெருவுக்கு வருகிற வடிகால் அது. அதே வழியில்தான் எங்களுக்கு இணையமும் வந்தது.

மாட்டினோம். விளக்கு எரிந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். இங்கேதான் எல்லாரும் ஏமாறுகிற இடம். விளக்கு எரிந்தால் இணைப்பு வந்துவிட்டது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. நாங்கள் முதலிலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தோம். தூரம், அனுப்புகிற திறன், இரண்டு டிஷ்ஷின் அளவு மூன்றும் தெரிந்தால் இந்தப் பக்கம் எவ்வளவு சிக்னல் வரவேண்டும் என்று சொல்லிவிடலாம். மைனஸ் 58 வரவேண்டும். வந்தது மைனஸ் 71. 13 டெசிபல் குறைவு. இது லேசான குறை இல்லை, வரவேண்டியதில் இருபதில் ஒரு பங்குதான் வருகிறது என்று அர்த்தம். மரக்கால் நெல்லுக்குப் பதில் ஒரு கைப்பிடி அளந்து போட்டு 'கூலி கொடுத்தாச்சு' என்கிற மாதிரி. எவ்வளவு வரவேண்டும் என்று தெரியாதவனிடம் எதையும் கொடுத்து அனுப்பலாம். அதனால்தான் கணக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

என்ன தப்பு என்றால், டிஷ்ஷுக்கு நடுவில் ஒரு பெரிய கதிர் உண்டு, பக்கத்தில் சின்னச் சின்னக் கள்ளக் கதிர்களும் உண்டு. திருப்பும்போது கள்ளக் கதிரில் சிக்கினால் சிக்னல் ஏறி இறங்குகிற மாதிரி காட்டும். இதுதான் உச்சம் என்று நினைத்து முடுக்கிவிடுவோம். இடமிருந்து வலம் முழுக்கத் திருப்பி, எது பெரிய உச்சம் என்று பார்த்து, அப்புறம் மேலும் கீழும் அதே மாதிரி பார்க்க வேண்டும். ஒரு முனையைத் தொடும்போது மறு முனையைத் தொடக் கூடாது. ஒரு சாயங்காலம் முழுக்க ஆச்சு. மைனஸ் 60-க்கு வந்தது.

அதோடு முடிந்ததா? ஆற்றில் தண்ணி வந்து, வயலைச் சேறடித்துப் பரம்படித்துத் தண்ணீர் கட்டி நிறுத்தினார்கள். காற்று அடங்குகிற விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும் இணைப்பு தள்ளாட ஆரம்பித்தது. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றே ஒரு பெரியம்மா சொல்லிவிட்டார். வயல் கண்ணாடியாகிவிட்டது, அதுதான் காரணம். நேராக வருகிற அலையும் தண்ணீரில் பட்டுத் தெறித்து வருகிற அலையும் ஒன்றை ஒன்று அழித்துக்கொண்டன. எங்கள் இரண்டு முனையின் உயரமும் தூரமும் அப்படி அமைந்துவிட்டது. குழாயை இன்னும் ஒரு ஆள் உயரம் ஏற்றினோம். சரியானது. கோடையில் மட்டும் சோதித்துவிட்டு 'நன்றாக இருக்கிறது' என்று எழுதியிருந்தால் அது பொய்ச் சான்றிதழ். டெல்டாவில் ஒரு இணைப்பைச் சோதிக்க ஒரு போகம் வேண்டும்.

பிறகும் ஒரு வாரம் அளந்தோம். காலி நேரத்தில் அளந்தால் எல்லாம் ஓடும். பன்னிரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற இரவு ஏழு மணிக்கு அளக்க வேண்டும். வருகிற வேகம் மட்டுமில்லாமல் போகிற வேகத்தையும் அளக்க வேண்டும். ஆயிரம் முறை கூப்பிட்டால் எத்தனை முறை பதில் வருகிறது என்று எண்ண வேண்டும். மழையில் பார்க்க வேண்டும். இந்த அலைவரிசையில் இந்தத் தூரத்துக்கு மழை பெரிசாக ஒன்றும் செய்யாது. கேபிள் முனையில் இறங்குகிற தண்ணிதான் கெடுக்கும். எல்லாவற்றுக்கும் மேல், கரண்டு போய் வரும்போது என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, கிராமத்துக் கண் மையங்களுக்கு நீண்ட தூர வைஃபை இணைப்பு போட்டது. வீட்டுக்குள் ஓடச் செய்த வைஃபையைப் பல கிலோமீட்டருக்கு ஓட வைக்க, ஒருத்தர் பேசி முடித்த பின் ஒருத்தர் பேசுகிற மாதிரி முறை வைத்து மென்பொருளையே மாற்றினார்கள். அவ்வளவும் செய்துவிட்டு அவர்கள் கண்டது என்ன? இணைப்பு படுத்துக்கொள்ள அலையை விட மோசமான மின்சாரமே பெரிய காரணம் என்பதுதான். உள்ளூர் ஆளுக்கே பழுது பார்க்கப் பழக்கினால்தான் நிலைக்கும் என்றும் எழுதினார்கள். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யத்தில் கரை ஏறியபோது டெல்டாவின் மின்கம்பமும் தென்னையும் ஒன்றாகப் படுத்தன. எங்கள் பகுதியில் கரண்டு கடைசியாக வந்த தெரு எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதெல்லாம் புதிசு என்று நினைக்க வேண்டாம். 2001-ல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 'சாரி' என்ற திட்டம் வந்தது. சென்னை ஐஐடி உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பம். நடுவில் ஒரு கோபுரம், அதில் இருந்து 10 கிலோமீட்டர் வரை கிராமங்களுக்கு நொடிக்கு 35, 70 கிலோபிட் வேகத்தில் இணையம். எம்ஐடி, ஹார்வர்டு எல்லாம் கூட நின்றன. மேலூர் என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? மேலவளவு. ஊராட்சித் தலைவரானார் என்பதற்காக முருகேசனையும் இன்னும் ஐந்து பேரையும் 1997 ஜூன் 30-ல் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்ற பூமி. நாலு வருஷம் கழித்து அதே வட்டாரத்தில் கோபுரம் நட்டவர்கள், அலைக்கு எந்த மேடு தடை, எந்த மரம் தடை என்று பார்த்திருப்பார்கள். மேலவளவைத் தடை என்று எந்த வரைபடத்தில் குறிப்பது?

அந்தத் திட்டத்தைப் பற்றி ராஜேந்திர குமார், மைக்கேல் பெஸ்ட் இருவரும் செய்த ஆய்வு 2006-ல் வந்தது. மையங்களைப் பயன்படுத்தியவர்களில் அதிகம் இளைஞர்கள், ஆண்கள், சமூகத்தில் மேல்தட்டில் இருப்பவர்கள். ஆனால் மையம் ஒடுக்கப்பட்ட மக்கள் குடியிருக்கிற பகுதிக்குப் பக்கத்தில் இருந்த இடங்களில் அந்த மக்களும் கூடுதலாக வந்தார்கள். அதாவது எந்தத் தெருவில் மையம் என்பதே யாருக்கு இணையம் என்று தீர்மானித்தது. இதைத்தான் நம்ம பாட்டிமார்கள் ஆய்வே இல்லாமல் சொன்னார்கள்: கிணறு எந்தத் தெருவில் இருக்கிறதோ அந்தத் தெருக் குடத்துக்குத்தான் தண்ணி. அந்த மையங்கள் பெரும்பாலும் சில வருஷத்தில் மூடப்பட்டுவிட்டன என்பது வேறு கதை.

தஞ்சாவூர் கிராமம் ஒன்றில் 1961-62-ல் தங்கி ஆய்வு செய்தவர் ஆந்த்ரே பெத்தேய். 'ஸ்ரீபுரம்' என்று பெயர் மாற்றி 1965-ல் புத்தகம் போட்டார். அக்கிரகாரத்தில் தங்கியதால் சேரிக்குள் தன்னால் அதிகம் போய்வர முடியவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆராய்ச்சியாளருக்கே அக்கிரகாரத்தில் இருந்து சேரிக்குப் பார்வைக்கோடு கிடைக்கவில்லை. பெட்டியை அங்கே வைத்தால் அலைக்கு மட்டும் கிடைத்துவிடுமா?

இரண்டு எதிர்ப்பு வரும் என்று தெரியும். ஒன்று, "இணையத்துல ஏதுப்பா சாதி?" என்பது. கொல்லை வழியாக ஏறச் சொன்ன ஏணியைக் கேளுங்கள். இன்னொன்று நம்ம தோழர்களிடம் இருந்தே வருகிறது: "நிலம் கேட்க வேண்டிய இடத்துல நெட்டு கேக்குறீங்களே." இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். 1892-ல் கொடுத்த பஞ்சமி நிலத்தையே இன்னும் மீட்காத சனம் நாம். ஆனால் தோழரே, அந்த நிலத்தின் பட்டாவும் சிட்டாவும் இன்றைக்கு எங்கே கிடக்கிறது? இணையத்தில். நம்ம பிள்ளையின் உதவித்தொகை மனு? இணையத்தில். 2023 ஜனவரியில் இருந்து நூறு நாள் வேலைக்கு வருகைப் பதிவே செல்போன் செயலியில்தான் என்று கட்டாயமாக்கினார்கள். சிக்னல் இல்லாமல் படம் ஏறாத நாளில் மண் சுமந்தவளுக்கு ஆப்சென்ட். கூலி போச்சு. இது நெட்டுப் பிரச்சினையா, கூலிப் பிரச்சினையா? நிலம் வேண்டும், கூலி வேண்டும், அதைக் கேட்டு வாங்குகிற வாசலும் வேண்டும். 1927-ல் மகாத் குளத்தில் அம்பேத்கர் இறங்கியது தாகத்துக்காக மட்டுமா? பொதுச்சொத்து என்றால் நாங்களும்தான் பொது என்று காட்டத்தான்.

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிக்கும் பைபர் என்று திட்டம் போட்டிருக்கிறார்கள். நல்லது. ஊராட்சிக்கு வந்தால் சேரிக்கு வந்ததாகாது. எங்கள் கோரிக்கை சிக்கலானது இல்லை. பள்ளிக்கூட மாடி, தொட்டி, ஊராட்சிக் கட்டடம் ஆகிய பொது உயரங்களை முறையான பாதுகாப்போடு இரவுப் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் திறந்துவிட வேண்டும். ஊராட்சிப் பெட்டியில் இருந்து சேரிக்குப் போகிற கடைசிக் கிலோமீட்டரை ஆதிதிராவிடர் துணைத்திட்டப் பணத்தில் போட வேண்டும். அந்தப் பணம் பொதுச் செலவில் கரைவது போதும். போடுகிற வேலையையும் பழுது பார்க்கிற வேலையையும் நம்ம பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்துச் சம்பளத்தோடு கொடுக்க வேண்டும். முக்கியமாக, இணைப்பு வந்துவிட்டது என்று கோபுரத்தடியில் நின்று அளந்து எழுதுகிற கணக்கை ஒப்புக்கொள்ளக் கூடாது. இரவு ஏழு மணிக்கு, சேரியின் கடைசி வீட்டில் அளக்க வேண்டும். அந்த வீட்டுக்காரியின் கையெழுத்து இருந்தால்தான் பில் பாஸாக வேண்டும்.

எங்கள் குழாய் இன்னும் நிற்கிறது. இப்போது இரண்டு பெண் பிள்ளைகள் வாரம் ஒருமுறை சிக்னலை அளந்து நோட்டில் எழுதுகிறார்கள். போன வாரம் மைனஸ் 63. நோட்டில் பக்கத்தில் காரணமும் எழுதியிருந்தார்கள்: 'காத்தில் டிஷ் லேசாத் திரும்பிடுச்சு. சரி பண்ணணும்.'

ஏணி நம்ம வீட்டிலேயே இருக்கிறது.